முதல் 16 பைட்டுக்கு அப்பால்

பைத்தானில் எழுதிய நிரல் மெதுவாக ஓடினால், அதிகம் உழைக்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து சி மொழியில் எழுதி, மறுபடி பைத்தானோடு கோத்துவிடுவது வழக்கம். அந்தக் கோர்வையை எழுதுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. வெளியே தெரியாத வேலை. பயனர் 'இம்போர்ட்' என்று ஒரு வரி எழுதி ஒரு ஃபங்ஷனை அழைப்பார். அடியில் சி இருப்பது அவருக்குத் தெரிய வேண்டியதே இல்லை. அது தெரியவருவது பெரும்பாலும் கெட்ட நாளில்தான். பைத்தானில் பிழை நேர்ந்தால் எந்தக் கோப்பில், எந்த வரியில், என்ன தவறு என்று வரிசையாகக் காட்டும். சி பக்கம் தவறு நேர்ந்தால் 'செக்மென்டேஷன் ஃபால்ட்' என்ற ஒற்றை வரியோடு மொத்த நிரலும் விழுந்துவிடும். அதுவரை செய்த வேலையும் போய்விடும்.

அப்படி விழுந்த நிரல்களைத் தூக்கி நிறுத்தப் போன இடங்களில் திரும்பத் திரும்ப ஒரே காட்சிதான். கணக்கு சரியாக இருக்கும், அல்காரிதம் சரியாக இருக்கும். பைத்தான் பக்கத்திலிருந்து வந்து நிற்கும் ஆப்ஜெக்ட் என்ன டைப் என்ற கேள்வி மட்டும் தப்பாகக் கேட்கப்பட்டிருக்கும், இல்லையென்றால் கேட்கப்படாமலே விடப்பட்டிருக்கும்.

பைத்தானில் எண், எழுத்து, லிஸ்ட், ஃபங்ஷன் எல்லாமே ஆப்ஜெக்ட். சி பக்கம் வந்துசேரும்போது எல்லாம் ஒரே முகத்தோடு வரும்: மெமரியில் ஓர் இடத்தைக் காட்டும் பாயின்டர், அவ்வளவுதான். 64 பிட் கணினியில், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும், சி மொழியில் எழுதப்பட்ட பைத்தானான சிபைத்தானில், அந்த இடத்தின் முதல் 8 பைட்டில் அந்த ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடித்துவைத்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். அடுத்த 8 பைட், அதன் டைப் எது என்று காட்டும் இன்னொரு பாயின்டர். இந்த 16 பைட் எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொது. 17-ஆவது பைட்டிலிருந்து ஒவ்வொன்றும் தன் தன் வழியில் போகும். ஃப்ளோட் என்றால் அங்கே 8 பைட்டில் தசம எண் உட்கார்ந்திருக்கும். மொத்தம் 24 பைட். லிஸ்ட் என்றால் எத்தனை உறுப்புகள் என்ற கணக்கும், உறுப்புகள் இருக்கும் இடத்துக்கு ஒரு பாயின்டரும் இருக்கும். சி மொழிக்கு இந்த வேறுபாடு எதுவும் தெரியாது. இதை ஃப்ளோட் என்று வைத்துப் படி என்றால் படித்துவிடும். அங்கே இருப்பது ஃப்ளோட் இல்லையென்றாலும் 8 பைட்டைப் படித்து ஏதோ ஓர் எண்ணைக் கையில் கொடுக்கும்.

வானிலை நிலையங்களின் அளவீடுகளைத் தொகுக்கும் ஒரு குழுவிலிருந்து ஒருமுறை அழைப்பு வந்தது. குளிர்ப் பிரதேசத்து நிலையம் ஒன்றுக்குச் சராசரி வெப்பநிலை எண்ணாகவே வரவில்லை. 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் சிறப்பு மதிப்பு வந்தது. மற்ற நிலையங்களில் குறையில்லை என்றார்கள். சென்சார் பழுதாக இருக்கும் என்று நினைத்து அதை மாற்றியும் பார்த்திருக்கிறார்கள்.

அளவீடுகள் ஜேசன் கோப்புகளாக வந்துகொண்டிருந்தன. ஜேசனில் 30.0 என்று இருந்தால் பைத்தான் அதை ஃப்ளோட்டாக எடுத்துக்கொள்ளும்; 30 என்று இருந்தால் முழு எண்ணாக, இன்ட்டாக எடுத்துக்கொள்ளும். சில நிலையங்கள் பின்னம் இல்லாத நேரத்தில் புள்ளியையும் பூஜ்யத்தையும் விட்டுவிட்டு அனுப்பின. அவற்றை வாங்கிக் கூட்டிய சி நிரலோ, லிஸ்ட்டில் இருப்பதெல்லாம் ஃப்ளோட் என்று நம்பி, ஒவ்வொன்றின் 17-ஆவது பைட்டிலிருந்து நேராகப் படித்துக்கொண்டிருந்தது.

அப்போது அவர்களிடம் இருந்தது பைத்தான் 3.8. 3.11 வரையிலான பதிப்புகளில் இன்ட்டின் அந்த 8 பைட்டில் எண் இருக்காது. எண்ணை எழுத எத்தனை துண்டுகள் ஆயின என்ற கணக்குதான் இருக்கும். ஒரு துண்டுக்கு 30 பிட் என்பதால் நூறு கோடி வரையிலான எண்ணுக்கெல்லாம் ஒரே துண்டு போதும். ஆகவே அங்கே 1 என்று இருக்கும். எண் நெகட்டிவ் என்றால் மைனஸ் 1. பூஜ்யம் என்றால் 0. இனி இந்த 1-ஐத் தசம எண்ணின் விதிப்படி படித்துப் பாருங்கள்: புள்ளிக்குப் பிறகு 323 பூஜ்யங்கள், அதற்குப் பிறகுதான் முதல் இலக்கம். 30 டிகிரியும் சரி, 41 டிகிரியும் சரி, அந்த நிரலுக்குள் நுழைந்ததும் ஏறக்குறைய பூஜ்யம் ஆகிவிட்டன. மைனஸ் 1-ல் 64 பிட்டும் 1. தசம விதியில் அது 'எண் அல்ல'. குளிர் நிலையம் மைனஸ் 4 என்று அனுப்பிய ஒவ்வொரு முறையும் சராசரி முழுவதும் கெட்டது. உண்மையான பூஜ்யம் மட்டும் பூஜ்யமாகவே படிக்கப்பட்டது. அந்தக் குழு எழுதிவைத்திருந்த டெஸ்ட்களில் இடம்பெற்ற ஒரே முழு எண் பூஜ்யம்தான். டெஸ்ட் எல்லாம் பச்சை.

ஆக, குறையில்லை என்று சொல்லப்பட்ட நிலையங்களின் சராசரிகள்தான் உண்மையில் ஆபத்தானவை. அவற்றில் முழு எண்கள் கலந்தவை எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் குறைவாக இருந்தன, பார்த்தால் நம்பும்படியாக. இதைச் சொன்னபோது அறையில் இருந்தவர்களின் முகம் மாறியதை நான் மறக்கவில்லை. நிரல் விழுந்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும். டைப் சோதனையை விட்டுவிட்டால் நிரல் கிராஷ் ஆகும் என்றுதான் இளையவர்களுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கிராஷ் ஆகாமல் பொய் சொல்லும் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

திருத்தம் ஒரு வரிதான். ஃப்ளோட்டிலிருந்து தசம எண்ணை எடுக்க சிபைத்தானில் இரண்டு வழிகள் உண்டு. இரண்டின் பெயரையும் வாய்விட்டுச் சொன்னால் 'பைஃப்ளோட் ஆஸ் டபுள்' என்றுதான் வரும். கடைசி இரண்டு சொற்களைப் பெரிய எழுத்தில் எழுதி நடுவில் அடிக்கோடு போட்டால் அது மேக்ரோ. சாதாரண பில்டில் எதையும் சோதிக்காமல் மெமரியைப் படிக்கும். அடிக்கோடு இல்லாமல் சேர்த்து எழுதினால் அது ஃபங்ஷன். வந்தது ஃப்ளோட்தானா என்று பார்க்கும், இல்லையென்றால் தசம எண்ணாக மாற்ற வழி இருக்கிறதா என்று கேட்கும், அதுவும் இல்லையென்றால் டைப் எரர் எழுப்பும். அந்த ஃபங்ஷன் தோற்றால் மைனஸ் 1.0 தரும். மைனஸ் 1.0 நிஜமான வெப்பநிலையாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் பிழை எழுந்திருக்கிறதா என்று தனியாக ஒருமுறை கேட்டாக வேண்டும். இந்த இரண்டாவது கேள்வியை விட்டுவிட்ட கோடை நான் எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன்.

ஃபங்ஷனுக்கு நேரடியாக வரும் மதிப்புகளில் இந்த வம்பு குறைவு. அவற்றை எடுத்துத் தரும் ஃபங்ஷனே, எந்த இடத்தில் என்ன டைப் வேண்டும் என்று குறியீடாகச் சொன்னால், சோதித்துத் தரும். ஆபத்து லிஸ்ட்டுக்குள்ளும் டிக்‌ஷனரிக்குள்ளும் இருக்கிறது. வெளியே இருப்பது லிஸ்ட்தான் என்று சோதித்தவர்கள், உள்ளே இருப்பதையும் சோதித்ததாகவே நினைத்துக்கொள்கிறார்கள்.

சோதனையை எடுத்துவிட்டால் வேகம் கூடும் என்பவர்களோடு நிறைய வாதாடியிருக்கிறேன். பைத்தான் 2.6 முதல் ஒவ்வொரு டைப்பிலும் கொடிகள் என்ற பிட் வரிசையில் 24 முதல் 31 வரையிலான பிட்டுகள் இதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கின்றன: முழு எண், லிஸ்ட், டியூப்பிள், பைட்ஸ், எழுத்துச் சரம், டிக்‌ஷனரி, எக்ஸெப்ஷன், டைப். இது லிஸ்ட்டா என்று கேட்பது ஒரு பிட்டைப் பார்க்கும் வேலை. ஃப்ளோட்டுக்கு அப்படிப் பிட் கிடையாது. டைப் பாயின்டரை நேராக ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால்தான் அதன் மூதாதை டைப்களின் வரிசையைத் தேடும். வருவதில் பெரும்பாலானவை அசல் ஃப்ளோட்டாகவே இருப்பதால் ஓர் ஒப்பீட்டோடு முடிந்துவிடும். செலவு ஆவது வேறு இடத்தில்: எங்கோ சிதறிக் கிடக்கும் ஆப்ஜெக்டை மெமரியிலிருந்து இழுத்துவருவதில். அது வந்தபின் பக்கத்திலேயே இருக்கும் டைப் பாயின்டரைப் பார்ப்பது ஏறக்குறைய இலவசம். வேகம் வேண்டுமென்றால் ஆப்ஜெக்டுகளின் லிஸ்ட்டையே விட்டுவிட்டு எண்களை அடுத்தடுத்து வைத்திருக்கும் அரேக்குப் போங்கள் என்பேன்.

சோதிப்பது என்று முடிவு செய்தபின்தான் உண்மையான கேள்வி வரும். பெரும்பாலான அடிப்படை டைப்களுக்குச் சிபைத்தான் இரண்டு சோதனைகள் தருகிறது. ஒன்று அந்த டைப்பையும் அதிலிருந்து பிறந்த சப்கிளாஸ்களையும் ஏற்கும்; மற்றது அந்த டைப்பை மட்டுமே ஏற்கும். எதைப் போடுவது என்று கேட்கிற ஒவ்வொருவரிடமும் நான் திருப்பிக் கேட்பது: சோதித்த பிறகு அந்த ஆப்ஜெக்டை என்ன செய்யப்போகிறீர்கள்?

டிக்‌ஷனரியை எடுத்துக்கொள்வோம். சாவி இல்லாதபோது தானே ஒரு மதிப்பை உருவாக்கித் தரும் டிஃபால்ட்டிக்ட், டிக்‌ஷனரியின் சப்கிளாஸ். தளர்ந்த சோதனை அதை உள்ளே விடும். உள்ளே போனதும் சி பக்கத்து ஃபங்ஷன், டிக்‌ஷனரியின் மூல அமைப்பில் நேராகத் தேடும்; சாவி இல்லை என்று வெறுங்கையோடு திரும்பும். பயனர் எழுதிவைத்த நடத்தை அங்கே அழைக்கப்படவே படாது. பைத்தானில் வேலை செய்தது சி பக்கம் போனதும் ஏன் வேலை செய்யவில்லை என்று அவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். அதனால் என் கோடில் அசல் டிக்‌ஷனரிக்கு விரைவு வழி, மற்றதெல்லாவற்றுக்கும் பைத்தானின் பொது வழி. கொஞ்சம் மெதுவாகும். பரவாயில்லை, பயனர் எழுதிய சப்கிளாஸுக்கு மரியாதை இருக்கும்.

எண்களில் நிலைமை இன்னும் சுவாரசியம். 2003-ல் வந்த பைத்தான் 2.3-லிருந்து உண்மை, பொய் என்ற பூலியன்கள் முழு எண்ணின் சப்கிளாஸ். முழு எண்ணா என்று கேட்டால் 'ட்ரூ' ஆம் என்று தலையாட்டி 1 ஆகிவிடும். எத்தனை முறை, எத்தனை மீட்டர் என்று அளவைக் கேட்கும் இடத்தில் பூலியன் வந்தால் நான் மறுத்துவிடுவேன். மதிப்புகளின் வரிசை ஓரிடம் நகர்ந்து தவறாக அழைத்திருக்கிறார்கள் என்பதற்குத்தான் அது பெரும்பாலும் அடையாளமாக இருந்திருக்கிறது.

நம்பை என்ற எண் கணிப்பு நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. நம்பையின் ஃப்ளோட்64 மதிப்பை ஜேசனாக எழுதலாம். இன்ட்64 மதிப்பை எழுதப் போனால் டைப் எரர் வரும். தசம எண் போகிறது, அதைவிட எளிய முழு எண் போகவில்லையே என்று கேட்பார்கள். காரணம் அந்த 17-ஆவது பைட்டில் இருக்கிறது. ஃப்ளோட்64-இன் உள்ளமைப்பு பைத்தான் ஃப்ளோட்டின் உள்ளமைப்பு மாதிரியே 8 பைட் தசம எண். ஆகவே அது ஃப்ளோட்டின் சப்கிளாஸாகவே பிறந்திருக்கிறது, ஜேசன் எழுதும் சி கோடின் சோதனையில் தேறிவிடுகிறது. பைத்தான் 3-இன் முழு எண்ணோ துண்டுதுண்டாக எவ்வளவு வேண்டுமானாலும் நீளும். நிலையான 8 பைட் கொண்ட இன்ட்64 அதன் சப்கிளாஸாக முடியாது. பைத்தான் 2 காலத்தில் சாதாரண முழு எண் சி மொழியின் 'லாங்' ஆகவே இருந்ததால் 64 பிட் லினக்ஸில் இன்ட்64 அதன் சப்கிளாஸாக இருந்தது. பைத்தான் 3-க்கு மாறிய எத்தனையோ குழுக்களில் இது ஒரு தனிச் சிக்கலாகவே எழுந்தது.

இதற்குச் சரியான விடையை யோசித்தவர் நம்பையை உருவாக்கிய டிராவிஸ் ஒலிஃபன்ட். பைத்தானில் மாற்றம் கோரும் முன்மொழிவுகளைப் பெப் என்று எண்ணிட்டு வைப்பார்கள். அவர் எழுதிய பெப் 357, 2006-ல் பைத்தான் 2.5-இல் சேர்ந்தது. அதுவரை லிஸ்ட்டை வெட்டும் இடத்தில் பைத்தானின் சொந்த முழு எண்கள் மட்டுமே செல்லும். 'முழு எண்ணாக மாற்று' என்ற பழைய மெத்தடை வைத்துக் கேட்கலாம் என்றால், ஃப்ளோட்டும் அதை வைத்திருக்கிறது, 3.7 சத்தமில்லாமல் 3 ஆகிவிடும். எனவே 'இன்டெக்ஸ்' என்ற புதிய மெத்தட் வந்தது. எதையும் இழக்காமல் முழு எண்ணாகத் தன்னைத் தரக்கூடிய டைப் மட்டுமே அதை வைத்துக்கொள்ளும். இன்ட்64 வைத்திருக்கிறது, ஃப்ளோட் வைத்திருக்கவில்லை. நீ யார் மகன் என்று கேட்காமல், உன்னால் இதைத் தர முடியுமா என்று கேட்கும் முறை. மதிப்பு மட்டும் தேவைப்படும் இடங்களில் நான் இப்படித்தான் கேட்கிறேன். உள்ளமைப்பைத் தொடப்போகிற இடத்தில் மட்டும் டைப்பையே கேட்கிறேன்.

டைப்பைக் கேட்பதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பைத்தானில் எல்லோரும் அறிந்த 'இஸ்இன்ஸ்டன்ஸ்'-க்கு சி பக்கத்தில் நேர் வடிவம் ஒன்று உண்டு. பழகிய பெயர் என்பதால் புதிதாக வருபவர்கள் அதைத்தான் எடுப்பார்கள். அது ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0, கேட்கும்போதே பிழை நேர்ந்தால் மைனஸ் 1 தரும். சி மொழியில் பூஜ்யம் அல்லாத எதுவும் உண்மை. ஆகவே வெறும் 'இஃப்' போட்டு எழுதியிருந்தால், சோதனையே உடைந்துபோன ஆப்ஜெக்ட் சோதனையில் தேறியதாக உள்ளே வந்துவிடும்.

இன்னொன்று, அந்தச் சோதனை ஆப்ஜெக்ட் தன்னைப் பற்றிச் சொல்வதையும் நம்பும். நிஜ நிரலில் ஒருபோதும் விழாமல் டெஸ்ட் ஓட்டும்போது மட்டும் விழுந்த ஒரு மாட்யூலை என்னிடம் கொண்டுவந்தார்கள். டெஸ்ட் எழுதியவர் நிஜ ஆப்ஜெக்டுக்குப் பதிலாக 'மாக்' என்ற போலி ஆப்ஜெக்டைத் தந்திருந்தார். மாக், எந்தக் கிளாஸுக்கு மாற்றாக நிற்கிறதோ அதையே தன் கிளாஸ் என்று சொல்லும், அதற்காகவே உருவாக்கப்பட்டது. பைத்தான் பக்கம் அது முறையான ஏற்பாடு. சி பக்கமோ 'ஆம்' என்ற பதிலை நம்பி, இல்லாத உள்ளமைப்புக்குள் கைவிட்டது. டெஸ்ட் எழுதியவரின் மேல் ஒரு தவறும் இல்லை. ஆப்ஜெக்ட் வாயால் சொல்வதைக் கேட்காமல், இரண்டாவது 8 பைட்டில் இருக்கும் டைப் பாயின்டரையே பார்க்கும் வேறொரு சோதனை சிபைத்தானில் இருக்கிறது. அது பைத்தான் கோடை ஓட்டாது, பிழை எழுப்பாது, பொய்யை நம்பாது. மெமரியைத் தொடுவதற்கு முன் போட வேண்டியது அதைத்தான்.

பைத்தான் கோடை ஓட்டாது என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், ஒரு சோதனையின் ஆயுள் அடுத்த பைத்தான் கோடு ஓடும் வரைதான். இதை முழுதாக உணர எனக்கு, விழுந்த நிரலின் மெமரிப் பதிவான ஒரு கோர் டம்ப்போடு பல இரவுகள் உட்கார வேண்டியிருந்தது. ஒரு லிஸ்ட்டின் நீளத்தை முதலிலேயே எடுத்து வைத்துக்கொண்டு உறுப்பு உறுப்பாகத் தசம எண்ணாக்கும் லூப். ஒவ்வொன்றும் சரியான ஃபங்ஷனால் சரியாகச் சோதிக்கப்பட்டது. ஆனால் உறுப்புகளில் சில, கேட்கும்போது மட்டும் தரவுத்தளத்திலிருந்து மதிப்பை எடுத்துவரும் ஆப்ஜெக்டுகள். தசம எண்ணாக மாறு என்று கேட்டதும் அவற்றின் பைத்தான் மெத்தட் ஓடும். அந்த மெத்தட் சில நேரங்களில், பழைய தரவு காலாவதியாகிவிட்டது என்று முடிவுகட்டி அதே லிஸ்ட்டைச் சுருக்கிவிடும். திரும்பி வந்து பார்த்தால் லூப்பின் கையில் பழைய நீளம் இருக்கிறது. லிஸ்ட்டோ அந்த நீளத்துக்கு இல்லை. சீக்வென்ஸை வேகமாகப் படிக்கத் தரப்பட்டிருக்கும் ஃபங்ஷனும் இதில் காப்பாற்றாது. லிஸ்ட்டைக் கொடுத்தால் நகல் எடுக்காமல் அதே லிஸ்ட்டைத்தான் திருப்பித் தரும். முதலிலேயே டியூப்பிளாக நகலெடுத்துக்கொள்வது, அல்லது ஒவ்வொரு சுற்றிலும் நீளத்தைப் புதிதாகக் கேட்டு, எடுத்த உறுப்பைப் பிடித்துவைத்துக்கொண்டு பிறகு மாற்றச் சொல்வது. இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாத லூப்பை என் ரிவ்யூவில் நான் விடுவதில்லை.

அடுத்த சில வருடங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகும். ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தானை ஓட்டலாம் என்ற பெரிய பூட்டு இதுவரை நம்மைப் பாதுகாத்தது. சாம் கிராஸ் எழுதிய பெப் 703-இன்படி, அந்தப் பூட்டு இல்லாத பில்ட் ஒன்று 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-இல் சோதனை முயற்சியாகச் சேர்ந்தது. அதில் சோதனைக்கும் பயன்பாட்டுக்கும் நடுவே நாம் பைத்தானை அழைக்காவிட்டாலும் வேறொரு த்ரெட் லிஸ்ட்டை மாற்றிவிடலாம். உறுப்பை எடுக்கும்போதே நமக்கென்று பிடித்துக்கொடுக்கும் புதிய ஃபங்ஷனை அதே பதிப்பில் சேர்த்திருக்கிறார்கள். பழைய எக்ஸ்டென்ஷன்களை அதற்கு மாற்றும் வேலை என் மேசையில் இப்போது நிறைய.

அரேக்களுக்கு வந்தால் டைப் சரியாக இருந்தும் உள்ளே இருப்பது வேறாக இருக்கும். பெப் 3118 தந்த பஃபர் முறையில், அரே தன் மெமரியை நேரடியாகக் காட்டும். ஓர் உறுப்புக்கு எத்தனை பைட், எந்த வடிவம், ஓர் உறுப்பிலிருந்து அடுத்ததற்கு எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்றெல்லாம் கூடவே சொல்லும், கேட்டால். வடிவம் வேண்டும் என்று கேட்காவிட்டால் வடிவத்தைச் சொல்லாது. லினக்ஸில் மாதக்கணக்காக ஓடிய நிரல் விண்டோஸில் பெரிய பெரிய எண்களாகக் கொட்டுகிறது என்று வந்தால், நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 2024-ல் நம்பை 2.0 வரும்வரை விண்டோஸில் நம்பையின் இயல்பான முழு எண் 32 பிட். 64 பிட் லினக்ஸில் 64 பிட். 8 பைட் என்று எதிர்பார்க்கும் கோடு இரண்டிரண்டு எண்களை ஒன்றாக ஒட்டிப் படிக்கும். பாதி வழியில் அரே முடிந்த பிறகும் படித்துக்கொண்டே போகும்.

எழுத்துச் சரங்களைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயரும். மார்ட்டின் ஃபான் லூவிஸ் எழுதிய பெப் 393, 2012-ல் பைத்தான் 3.3-இல் வந்தது. அதன்படி ஒரு சரத்தில் இருக்கும் மிகப் பெரிய யூனிகோட் எண்ணைப் பொறுத்து, அந்தச் சரம் முழுவதும் எழுத்துக்கு 1, 2 அல்லது 4 பைட் என்று வைக்கப்படும். ஆங்கிலம், பிரெஞ்சின் பெரும்பகுதி எல்லாம் 1 பைட். தமிழ் 2 பைட். அதே தமிழ்ச் சரத்தில் ஓர் இமோஜி சேர்ந்துவிட்டால் முழுச் சரமும் 4 பைட்டுக்குத் தாவும். 'தமிழ்' என்ற சொல் யூனிகோடில் 5 குறிகள்; பைத்தானுக்குள் 10 பைட், யுடிஎஃப்-8 ஆக மாற்றினால் 15 பைட். இது எழுத்துச் சரமா என்ற டைப் சோதனைக்கு இந்த மூன்று வகைகளும் ஒன்றுதான், எல்லாமே தேறும். அதற்கு மேல் எத்தனை பைட் வகை என்று இரண்டாவது கேள்வி கேட்காமல் 1 பைட் என்று வைத்துப் படிக்கும் கோடு, ஆங்கிலத்தில் எழுதிய எல்லா டெஸ்ட்டிலும் தேறிவிடும். தமிழ்ப் பெயர் வந்ததும் சிதைக்கும்.

ஓர் ஆவணத் தொகுப்பில் ஆட்களின் பெயர்களை அகர வரிசைப்படுத்தும் மாட்யூலில் இதைக் கண்டேன். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் தாறுமாறான வரிசையில் வந்தன, தமிழில் வரிசைப்படுத்துவது கடினம் என்ற ஒரு குறிப்போடு அதை அப்படியே விட்டிருந்தார்கள். கடினம் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கான குறிகள் எல்லாவற்றின் மேல் பைட்டும் 11 தான். மெமரியை நேராகத் திறந்து பார்த்தால் ஒன்றுவிட்டு ஒன்று 11, 11, 11 என்று வந்துகொண்டே இருக்கும். டீபக்கரில் அந்தத் தாளத்தைப் பார்த்தாலே இது தமிழ் என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்த மாட்யூல் 5 குறிக்கு 5 பைட் படித்து, பாதிப் பெயரையும் நடுநடுவே இந்த 11-களையும் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. பைட் வகையைத் தானே பார்த்துப் படிக்கும் மேக்ரோ சிபைத்தானிலேயே இருக்கிறது. அதைப் போட்டதும் முழுப் பெயர்கள் ஒப்பீட்டுக்கு வந்தன. தமிழ் அகர வரிசையின் நுணுக்கங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதே அதற்குப் பிறகுதான். தன் பெயர் கணினிக்கு ஒவ்வாதது என்று ஒருவரை நம்பவைப்பது சின்ன விஷயமில்லை.

சோதனையில் தோற்ற ஆப்ஜெக்டைத் திருப்பி அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்புகிறோம் என்பதில் நான் பிடிவாதக்காரன். 'தவறான டைப்' என்று மட்டும் சொல்லும் செய்தியை ஏற்கமாட்டேன். லட்சம் உறுப்புள்ள லிஸ்ட்டைக் கொடுத்தவருக்கு, எத்தனையாவது உறுப்பு, எதை எதிர்பார்த்தோம், என்ன வந்தது என்ற மூன்றும் வேண்டும். வந்ததன் டைப் பெயர் சி பக்கம் கையிலேயே இருக்கிறது. அச்சிட ஒரு வரிதான் ஆகும்.

அப்படி அச்சிட்டும் புரியாத செய்தி ஒன்று உண்டு: 'ரீடிங்' என்ற டைப்பை எதிர்பார்த்தோம், 'ரீடிங்' வந்தது. ஒரே மாட்யூல் இரண்டு பாதைகளிலிருந்து இரண்டு முறை லோட் ஆகிவிட்டால் ஒரே பெயரில் இரண்டு டைப்கள் இருக்கும். டைப் பாயின்டர் வேறு வேறு என்பதால் சோதனை மறுக்கும். மறுப்பதுதான் சரி. அந்த இரண்டும் வெவ்வேறு பதிப்பாகவும், உள்ளமைப்பே மாறியதாகவும் இருக்கலாம். 1995-ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி தொடங்கிய ஸ்விக் என்ற இணைப்புக் கருவி, ஆரம்ப காலத்தில் மெமரி முகவரியையும் டைப் பெயரையும் ஒரே சரமாக ஒட்டி அனுப்பி, மறுபக்கத்தில் அந்தப் பெயரை ஒப்பிட்டுச் சோதித்தது. இன்று பாயின்டரைப் பொதிந்து கைமாற்றும் சிபைத்தானின் கேப்சூலும் பெயரை ஒப்பிட்டுத்தான் பாயின்டரைத் தருகிறது. பெயரை நம்பும் முறைகளில் நான் பெயருக்குள்ளேயே பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுவது இதனால்தான். டைப் பாயின்டரை ஒப்பிடும் இடங்களில், பைத்தான் 3.13 முதல் பிழைச்செய்தியில் டைப்பின் பெயரை மாட்யூல் பெயரோடு முழுதாக எழுதித் தரும் குறியீடு வந்திருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்காக எழுதும்போது மாட்யூல் பெயரை நானே எடுத்துச் சேர்க்கிறேன். இரண்டு பெயரும் ஒன்றாகவே இருந்தால், அந்த மாட்யூல் எந்தக் கோப்பிலிருந்து லோட் ஆனது என்பதையும் செய்தியில் எழுதிவிடுகிறேன்.